அவள் வந்து பார்க்க வேண்டிய குழாய்

பிப்ரவரி 6, வெள்ளி

குளியல்தொட்டிக் குழாய் இன்றும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மூடினால் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும், பிறகு ஆரம்பித்துவிடும். அடியில் வாளி வைத்து, நிரம்பியதும் அந்தத் தண்ணீரில் துணி அலசுகிறேன். போனில் சொன்னதும் என் மனைவி, “வாஷர் போயிருக்கும். நீங்க கை வைக்காதீங்க, நான் வந்து பாக்கறேன்” என்றாள்.

‘நான் வந்து’ என்றாளே! அதைக் கேட்டதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இந்த வீட்டில் ஆணி அடிப்பது முதல் எல்லாம் அவள்தான். மலைமேல் மின் நிலையத்தில் ஆள் உயர இயந்திரங்களைக் கழற்றி மாட்டுகிறவளுக்குக் குழாய் எம்மாத்திரம்? நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் எறும்புத் தலை அளவுத் திருகாணி போடுகிறவன். அதைவிடப் பெரிதாக எதைக் கண்டாலும் பயம்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்க முடியுமா என்று அவள் ஆபீஸில் கேட்கிறார்களாம். “என்ன சொல்லட்டும்?” என்றாள்.

“உன் இஷ்டம்” என்றேன். பெரிய தியாகி!

‘வேண்டாம், வந்துவிடு’ என்பது தொண்டை வரை வந்தது. அந்த வேலை அவளுக்கு உயிர். நான் தடுத்தேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று விழுங்கிவிட்டேன். விழுங்கியது இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பழக்க தோஷம், இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார். குழாயின் கைப்பிடி அடியிலிருந்தும் தண்ணீர் கசிந்து, சுவரோரமாக இறங்கி, அவர் வீட்டுக் கூரையை நனைத்திருக்கிறது.

“பிளம்பரக் கூப்பிட வேண்டியதுதானே தம்பி?”

“அவ வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காக்கா.”

“அவ எப்ப வர்றது, என் கூரை எப்ப காயறது?”

நியாயமான கேள்வி. முதல் பாதி எனக்கும் உள்ள கேள்வி.

பிளம்பரைக் கூப்பிட மனம் வரவில்லை. யாரோ ஒருவர் வந்து சரிசெய்துவிட்டால் அவள் வருவதற்கு இருந்த ஒரு சாக்கும் போய்விடும். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீடியோவில் அவள் சொல்லச் சொல்ல நானே இறங்கினேன். மெயின் வால்வை மூடியாயிற்று. கைப்பிடியின் மேல்மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றி, கைப்பிடியையும் எடுத்தாயிற்று. அடுத்தது உள்ளே இருக்கும் நட்டு. “இப்படித் திருப்புங்க” என்று கையைத் திருப்பிக் காட்டினாள். பார்த்தபடியே திருப்பினேன். வரவில்லை. மூச்சைப் பிடித்து இன்னும் திருப்பினேன்.

எதிரே இருப்பவரின் இடது எனக்கு வலது. நாள் முழுவதும் ஆளை எதிரே உட்காரவைத்துக் காதில் கண்ணாடி மாட்டுகிறவன், எனக்கே அது உறைக்கவில்லை!

“ஐயோ, கழட்டச் சொன்னா முறுக்கி வச்சிட்டீங்களே!” விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “பக்கத்துல இருந்திருந்தா கையப் புடிச்சுத் திருப்பியிருப்பேன்.”

அப்போதாவது ‘வந்துவிடு’ என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? “பரவால்ல விடு” என்றேன். என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை?

பிப்ரவரி 17, செவ்வாய்

ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னபடி எண்ணெய் விட்டு ஊறவைத்து, பெரிய ஸ்பானரால் நெம்பினேன். நட்டு அசைந்தது. பழைய வாஷர் காய்ந்து, இரண்டாகப் பிளந்திருந்தது. புதிதைப் போட்டு, கைப்பிடி அடியில் நூல் சுற்றி இறுக்கினேன். சொட்டும் இல்லை, கசிவும் இல்லை. கீழே போய் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

வீடு அமைதியாகிவிட்டது. தாங்கவில்லை.

போட்டோ அனுப்பினேன். “பரவால்லயே! இனிமே நான் இல்லாமலே சமாளிச்சுக்குவீங்க” என்று பதில் வந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனா?

பிப்ரவரி 19, வியாழன்

சொல்லிவிட்டேன். “எதையும் சமாளிக்கல. நீ இல்லாம என்னால முடியல. வந்துடு.”

“நேத்துதான் ஆபீஸ்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன். உன் இஷ்டம்னு சொன்னீங்கல்ல? இருந்தா என்ன, போனா என்னன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள். அழுதாள். நானும்தான்.

போனை வைக்கப் போகும்போது, “நான் இருக்கற எடத்துக்கு நீங்க வந்தா ஆகாதா?” என்று கேட்டாள்.

ஏன் எனக்கு இது தோன்றவே இல்லை? அவள் வரவேண்டும், அவள் வரவேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேனே, எனக்குக் கால் இல்லையா?

பிப்ரவரி 20, வெள்ளி

வேலையை விட்டுப் போகிறேன் என்றதும் கடை முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். “பொண்டாட்டி பின்னாடியே போறியா?”

“ஆமா சார். பின்னாடியேதான்.”

மார்ச் 9, திங்கள்

மலைமேல் அவள் இருக்கும் இடத்துக்கு நேற்று வந்து சேர்ந்தேன். ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டுக் காலையில் அவசர அவசரமாக வேலைக்குக் கிளம்பினாள்.

கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வரலாம் என்று கதவைத் திறக்கப் போனால், வெளியே பூட்டு. தனியாக இருந்து இருந்து பழகியவள், என்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன் செய்தேன். “ஐயையோ, பூட்டிட்டேனா! இருங்க, பாதி வழிதான் வந்திருக்கேன், திரும்பி வரேன்.”

“வேணாம், நீ வேலைக்குப் போ. சாயங்காலம் வந்து தெற.”

“அதுவரைக்கும் உள்ளயே என்ன பண்ணுவீங்க?”

“நீ வருவேல்ல,” என்றேன்.