உன் அம்மாவுக்குப் போன இஸ்பேட் ராணி

நேற்று மாடி வீட்டுப் பெண் வந்து ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கணவனுக்கு நாற்பது வயதாகிறதாம், காசினோ மாதிரி ஜோடித்துப் பார்ட்டி வைக்கிறார்களாம். சீட்டு வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் கறுப்புப் பட்டை அடித்து, அவளே கையால் செய்தது. மையின் வாசனை இன்னும் போகவில்லை. "எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உனக்கு எழுத இந்தத் தாளை எடுத்து வைத்தேன். இந்தக் காலத்தில் கறுப்பு ஓரத்தைப் பார்த்து யாருக்கும் சாவு நினைவுக்கு வருவதில்லை.

உனக்கும் அன்று வரவில்லை. நீ கல்கத்தாவில் பிறந்தவள். ஊரிலிருந்து சாவுச் செய்தி கொண்டுவரும் கறுப்பு ஓரக் கடிதத்தை நீ கண்ணால் பார்த்ததில்லை. நான் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அப்படிக் கடிதம் வந்தால் படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த ஒரு விஷயம்தான் உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும். மற்ற எல்லாவற்றிலும் நீ என்னை முழுங்கி ஏப்பம் விடுவாய்.

எழுபதுகளின் கடைசி. கிடர்பூரில் நம் கப்பல் ஆபீஸின் கிளப்பில் கிறிஸ்துமஸுக்குக் 'காசினோ நைட்' வைத்தார்கள். ஐம்பத்திரண்டு குடும்பம், ஐம்பத்திரண்டு சீட்டு, வீட்டுக்கு ஒரு சீட்டே அழைப்பிதழ் என்பது உன் யோசனை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் ரூமில் உட்கார்ந்து செய்தோம். நான் அட்டை வெட்டி ஓரம் தீட்ட வேண்டும், நீ எழுத வேண்டும். ஆட்டினுக்கும் டைமனுக்கும் சிவப்பு ஓரம், இஸ்பேடுக்கும் கிளாவருக்கும் கறுப்பு. முதல் அட்டை காய்ந்ததும் கை தன்னால் போய் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டது. வீட்டில் எந்தப் பத்திரிகைக்கும் அதுதானே வழக்கம். டிபன் டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள்.

நீ அதைப் பிடுங்கிக்கொண்டு ஹாலுக்கே போய்விட்டாய். "ஐயே! இங்க பாருங்க, எங்க கும்பகோணத்து மேடம் சீட்டுக்கட்டுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறா!" என்று சொல்லி, அதையே பெங்காலியிலும் சொன்னாய். ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து நான் 'ஹோலுத் தீதி', மஞ்சள் அக்கா. பியூன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். மூன்றாம் நாள் பாத்ரூமில் நின்று அழுதேன். நீ வெளியிலிருந்து கதவைத் தட்டி, "சும்மா விளையாட்டுக்குடி, இதுக்குப் போயா?" என்றாய். மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்லா அழைப்பும் ஆபீஸ் கவரில், தபாலில்தான் போக வேண்டும் என்றார் தலைமை குமாஸ்தா. உன் அப்பா நம் கம்பெனிக் கப்பலில் எலக்ட்ரீஷியன், அப்போது கடலில் இருந்தார். டாலிகஞ்ச் வீட்டு விலாசம் எழுதிய கவரில் ஆட்டின் ராணியை வைத்து, "அம்மாவுக்கு சிவப்புதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு நீ கை கழுவப் போனாய். நான் அதை உருவிவிட்டு இஸ்பேட் ராணியைச் செருகிக் கவரை ஒட்டினேன். அந்த ஆபீஸில் கறுப்பு ஓரத்துக்கு அர்த்தம் தெரிந்த தமிழ்க் குடும்பம் உன்னுடையது ஒன்றுதான்.

உன் அம்மா முகம் சுளிப்பாள், உனக்கு நல்ல மண்டகப்படி நடக்கும், பார்ட்டிக்குப் போகாதே என்பாள். அவ்வளவுதான் நினைத்தேன். உன் அப்பா கடலில் இருந்தது தெரியும். உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதும் தெரியும். தெரிந்ததை எல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று மனமில்லை.

மறுநாள் மத்தியானம் உன் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, நீ பௌதி என்று கூப்பிடுகிறவள், ஆபீஸுக்குப் போன் செய்தாள். உன்னோடு நானும் வந்தேன். உன் அம்மா கூடத்துத் தரையில் கிடந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. உடைத்த வளையல் துண்டுகள் சுற்றிலும் கிடந்தன, மணிக்கட்டில் ரத்தம். தாலியைக் கழற்றி சுவாமி படத்தின் முன் வைத்திருந்தாள். பௌதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நேமந்தன்னோ, அழைப்பு மாஷிமா, பார்ட்டிக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்று அவளுக்குத் தெரிந்த அரைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் அம்மா காதில் அது ஏறவே இல்லை.

நீ சொன்ன பிறகுதான் ஏறியது. எழுந்து வந்து உன்னை அறைந்தாள். "பெத்த அப்பனுக்குக் கருமாதிப் பத்திரிகை எழுதினியாடி? உயிரோட இருக்கிறவருக்கு என்னைத் தாலி அறுக்க வெச்சியாடி?"

நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நான் சிவப்புதானே வெச்சேன்? நீ பார்த்தியே?"

"அவசரத்துல நீதான் மாத்தி வெச்சிருப்பே" என்றேன்.

நீ நம்பினாய். என்னை நம்பாமல் இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. பார்ட்டிக்கு நான் போனேன். மேனேஜர் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு அழகான எழுத்து என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எழுதியது நீ என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தார். கோயிலில் மறுபடி தாலி கட்டினார். மூன்று வருஷம் கழித்து வீட்டில், தூக்கத்திலேயே போனார். உன் அம்மா அதையும் உன் தலையில்தான் கட்டினாள். "இவ அப்பவே கறுப்புக் கட்டிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உன்னை விளக்கேற்ற விடவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடமும் அந்தக் கதையைச் சொல்லி அனுப்பினாள். நீ அவளோடேயே இருந்து, மலமூத்திரம் எடுத்து, அந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டு கிழவியானாய். உன் வாய்த்துடுக்கு எங்கே போனது என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கேட்டேன்.

போன வருஷம் உன்னைப் பார்க்கக் கல்கத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதான்டி அந்தக் கார்டை வெச்சு என்னை ஒரு வார்த்தை குத்தாதவ" என்றாய். "அதெல்லாம் இப்ப எதுக்கு, விடு" என்று சொல்லி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

நீ போய்விட்டாய் என்று பௌதியின் மகன் போனில் சொன்னான். அழுதேன், அது பொய்யில்லை. ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை. இனி உனக்குத் தெரிய வராது என்ற நிம்மதி. ஆறு மாதமாக அந்த நிம்மதியோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மன்னிப்பு என்று இந்தத் தாளில் நாலு முறை எழுதி நாலு முறையும் அடித்துவிட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.