கண் திறக்காத லேப்டாப்

21-10-96, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயாது. இட்லி, தேங்காய்ச் சட்னி. நேற்றைய பொரி இன்னும் ஒரு டப்பா மிச்சம், யார் தின்பது?

விஜயதசமி. காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, தலைக்குக் குளித்து, லேப்டாப்பைத் திறந்து சுவிட்சை அழுத்தினேன். பச்சை விளக்கு வந்தது. உள்ளே 'கிர்ர்'. அப்புறம் அடங்கிவிட்டது. திரை கருப்பு. மறுபடி அழுத்தினேன், அதே கிர்ர், அதே கருப்பு. இன்றைக்குத் தொட்டால் வருஷம் முழுக்க ஓடுமாம். நல்லா ஓடுச்சு.

சனிக்கிழமை சுப்பண்ணன் வருகிறார், பல்லடத்திலிருந்து. கோழித் தீவன வியாபாரி, என் வீட்டுக்காரருக்கு வெகு நாள் பழக்கம். எந்தப் பண்ணைக்கு எந்தத் தீவனம் போனது, அங்கே குஞ்சுக்கு எத்தனை வாரம், அடுத்த வண்டி எப்போது அனுப்ப வேண்டும், எல்லாம் ஒரு தட்டுத் தட்டினால் தெரிகிற மாதிரி அவருக்காக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் ஈரோட்டிலிருந்து வேறு ஆட்கள் திங்கட்கிழமை வந்து காட்டப்போகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வரப்போகும் முதல் வேலை. முழுசும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பிளாப்பியில் இருப்பது ஆவணி மாதத்து அரைகுறை. எனக்குப் புத்தி போதாது.

இவர் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். தன் பட்டறையில் லேத் மெஷின் நின்றுபோனாலும் இப்படித்தான் நிற்பார்.

"கரண்டுதான் அம்மணி. நம்மூரு கரண்டு ஏறி எறங்கி அடிக்குதல்ல. கொஞ்சம் ஆறட்டும் உடு."

எனக்கு வேறு சந்தேகம். நேற்று ஆயுத பூஜைக்கு என்று இதைத் தன் லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. வீட்டிலேயே பாப்பா புத்தகங்களோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தால் ஆகாதா? ஸ்கூட்டரில் நிற்க வைத்து, பெரியநாயக்கன்பாளையம் ரோட்டுக் குழி ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கும். "பொட்டு கிட்டு வெச்சுப்போடாதீங்க, கெட்டுப்போயிரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மூடி மேல் ஒரு துளி இல்லாமல்தான் திரும்பியது. ஆனால் குலுங்கியிருக்குமே? கேட்க வாய் வரை வந்தது. பாவம், கேட்கவில்லை.

22, செவ்வாய்

மழை விட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, பள்ளிக்கூடம் போனாள்.

செய்து பார்த்தவை:
பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரில். அதே.
ஒயரைப் பிடுங்கிவிட்டு வெறும் பேட்டரியில். அதே.
படுக்கையறை பிளக்கில். அதே.
பிரிட்ஜ் பிளக்கில். அதே. திரும்ப பிரிட்ஜை மாட்ட மறந்து தொலைத்தேன். சாயந்திரம் திறந்தால் மாவு பொங்கி, தட்டெல்லாம் வழிந்து, கதவோரம் வரை ஆறு. துடைத்தேன் என்று பேர்.

மதியம் இவர் பட்டறையிலிருந்து ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஒரு ஆட்டுக்குட்டி கனம். இடுப்புப் பிடிப்புக்காரர், இதெல்லாம் தேவையா? அதை மாட்டியும் கிர்ர், கருப்பு. அப்புறம் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல லேப்டாப்பின் அடி வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சூடு இருக்குது அம்மணி. உசுரு இருக்குது."

சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

எதிர்வீட்டு அக்கா பொரியை வாங்கிப் போக வந்தவர், விஷயம் கேட்டுவிட்டு: "உடு கண்ணு. இருந்தா வெளையாட்டுக்கு இருக்குது, இல்லாட்டிப் போகுது." பாசத்தில் சொன்னதுதான். தினமும் பாப்பாவை அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

23, புதன்

காந்திபுரம். பஸ்ஸில் நல்ல கூட்டம், லேப்டாப் மடியில், குடை அடுத்தவர் மடியில். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மாடியில். டை கட்டிய ஒருத்தர் திறந்தார், அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு செய்ய நானே போதும்.

"மதர்போர்டு போச்சுங்க. பழைய மாடல், இதுக்குப் பார்ட்ஸே வாரதில்லீங்க. சார் வரலீங்களா?"

"அவரு எதுக்குங்க?"

"இல்லீங்க, சொன்னாப் புரியும்னு பார்த்தேன்."

எனக்கே புரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். துடியலூர் தாண்டும் வரை கோபம். தாண்டினதும் அழுகை. ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையில் துடைத்தேன்.

இவரிடம் சொன்னேன். ஸ்டெபிலைசரை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக, "சுப்பண்ணங்கிட்ட ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன். தள்ளினால் ஈரோட்டுக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அது கூடப் பரவாயில்லை. ஊட்டுப் பொம்பளை செஞ்ச வேலை, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு வருமே, அதுதான் தாங்காது.

பால்காரர் இன்றும் தண்ணி.

24, வியாழன்

மறுபடி தூறல். தலைவலி. கண்டுபிடித்துவிட்டேன்!

வரிசையாக எழுதுகிறேன். தயிர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பல்பு எரியவில்லை. இதுவும் போச்சா என்று பார்த்தால், கதவு மூடும்போது அமுங்குகிற அந்தச் சின்னக் குமிழ் உள்ளேயே கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை மாவு காய்ந்து பிடித்திருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். குமிழ் வெளியே வந்தது, பல்பு எரிந்தது. கதவு திறந்தே இருந்தும், மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது பிரிட்ஜ்.

தயிர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். வேலை முடிந்து லேப்டாப்பை மூடும்போதும் இதே கிர்ர், இதே அடங்கல்தானே வரும்?

ஓடினேன். திரையும் அடிப்பாகமும் சேரும் இடத்தின் ஓரத்தில் துவரம் பருப்பு அளவுக்கு ஒரு குமிழ். இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை. அமுங்கிக் கிடந்தது. சுற்றிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. ஊக்கால் சுரண்டி, பாப்பாவின் புண்ணுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். டக். மேலே வந்தது. சுவிட்சை அழுத்தினேன். கிர்ர். வெளிச்சம். எழுத்து. என் பண்ணைகள், என் மூட்டைகள், எல்லாம் அப்படியே. சத்தமாகச் சிரித்தேன், வீட்டில் யாருமில்லை.

அப்புறம்தான் பஞ்சை மோந்து பார்த்தேன். சந்தனம். நடுவில் ஒரு பொட்டு குங்குமம் வேறு!

வரட்டும் இன்றைக்கு என்று காத்திருந்தேன். திட்டெல்லாம் வரிசையாகத் தயார். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"பொட்டு வெக்க வேண்டாம்னு சொன்னனா இல்லீங்களா?"

"மேல வெக்கலையே அம்மணி. உள்ளார, ஆருக்கும் தெரியாத எடமாப் பாத்து, சுண்டு விரல்ல துளியூண்டு தொட்டு வெச்சேன்."

"அதுதான் ஏனுங்க?"

"லேத்துக்கு வெச்சேன். ட்ரில்லிங் மெசினுக்கு வெச்சேன். ஸ்பேனருக்குக்கூட வெச்சேன். உன்ற மெசினை மட்டும் வெறும் நெத்தியா உடச் சொல்றயா?" செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "பாப்பா புஸ்தகத்தோட வெச்சா அது படிப்பு. இது தொழிலல்ல? அதுதான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன்."

தயாராக வைத்திருந்த திட்டையெல்லாம் பஞ்சோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். இந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது இந்த டைரிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நடந்ததைச் சொன்னேன். முகம் செத்துவிட்டது. "அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா?" காபி வேண்டாம் என்றார். தோசை மட்டும் நாலு. கை கழுவும்போது, "அடுத்த வருசம் மேல் மூடியிலயே வெச்சுப்போடறேன்" என்றார்.

25, வெள்ளி

புது பிளாப்பி வாங்கி வந்தார். எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன், இரண்டு தரம். நாளைக்குச் சொல்ல வேண்டியதைச் சமையலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். குக்கருக்கு எல்லாம் புரிந்தது. இவர் லேப்டாப் இருக்கும் மேஜையைச் சுற்றி ஒரு முழம் தள்ளியே நடக்கிறார். சேலை: அரக்கா, பச்சையா? பச்சை.

26, சனி

நல்ல வெயில்.

சுப்பண்ணன் பத்து மணிக்கு வந்தார். நாற்காலியை இவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் மெஷினுக்கு முன்னால். இவர் வாசல்படியோரம், தொட்டுவிடுவோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒரே அழுத்தலில் வந்தது.

சுப்பண்ணன் நம்பாமல் ஒரு பண்ணை பெயரைச் சொன்னார். அவர் கொடுத்தனுப்பிய சீட்டுகளை வைத்துத்தான் எல்லாம் ஏற்றியிருந்தேன். தட்டினேன். அந்தப் பண்ணைக் குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, ஆனால் இன்னும் சின்னக் குஞ்சுத் தீவனமே போய்க்கொண்டிருக்கிறது என்று வந்தது. "இருக்காதுங்க" என்றார். எங்கள் போனிலேயே பண்ணையைக் கூப்பிட்டார். கேட்டார். போனை வைத்துவிட்டுத் திரையையே பார்த்தார்.

"அட! நெசந்தானுங்க."

அப்புறம் இவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இதை நம்ம ரெண்டு குடோனுக்கும் சேத்திப் போட்டுக் குடுக்க முடியுமுங்களா? எப்பங்க குடுப்பீங்க?"

இவர் வாசல்படியிலிருந்து அசையவில்லை.

"என்னையக் கேட்டா எனக்கென்னங்க தெரியும்? தொழில் அவங்களோடது. அவங்களையே கேளுங்க."

வெளி ஆட்களிடம் இவருக்கு நான் எப்போதும் 'எங்க ஊட்டுல'தான். அவங்க என்று இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

சுப்பண்ணன் எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க அம்மணி. எப்பக் கெடைக்கும்?"

நாளைக்கே என்று நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தீவாளி கழியட்டுமுங்க" என்றேன். "வேலை இருக்குதுங்க."