என் பிரஷருக்கு மூன்று டாக்டர்கள்

மார்ச் 3, காலை 6.20
சனிக்கோளின் நிலவான டைட்டன், இறங்குதள நிலையம். வெளியே மைனஸ் நூற்று எழுபத்தொன்பது டிகிரி. மீத்தேன் மூட்டம் அடர்த்தி. ஜெனரேட்டர் சரி. தானியங்கி ரேடார் இன்னும் பழுது. பொறுப்பாளர் செண்பகவல்லி, வயது ஐம்பத்திரண்டு, சொந்த ஊர் கோவில்பட்டி. நிலையத்தில் நான் ஒருத்திதான்.

மாதக் கடைசியில் பர்னபாஸும் இன்னொரு பொறியாளரும் வரும் கப்பல் இறங்குகிறது. ரேடார் இல்லாததால், நான்தான் அகச்சிவப்புக் கேமராவின் திரையைப் பார்த்து வழிகாட்டி இறக்க வேண்டும். திரும்பிப் போக அவர்களிடம் எரிபொருள் கிடையாது.

என் பழைய பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நிலையத்தின் தானியங்கி மருத்துவப் பெட்டி அதற்குப் பதிலாக ரிசர்பின் தயாரித்திருக்கிறது. சர்ப்பகந்தா வேரில் இருக்கும் அந்தக் காலத்து மருந்து. கையில் ஒட்டிய பிளாஸ்டர் வழியாக ஏறுகிறது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 11, மாலை 4.05
குளிர்கிறது. அறைச் சூடு சரியாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் குளிர்கிறது. முடி கொத்தாக வருகிறது, குரல் கட்டிவிட்டது, மலச்சிக்கல் வேறு. பதினைந்து வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவளுக்கு இது என்னவென்று தெரியாதா? இங்கே இருக்கும் மாத்திரை வீரியம் இழந்துவிட்டது. பரிசோதனைத் திரவமும் காலாவதி.

பூமிக்குச் சொன்னேன். பதில் வர மூன்று மணி நேரம். வந்த பதிலோ மூன்று டாக்டர்களிடமிருந்து மூன்று விதமாக.

இதய டாக்டர்: “பிரஷர் ஏறிக்கிட்டே போகுது மேடம். டோஸை இரட்டிப்பாக்கறோம்.”

தைராய்டு டாக்டர்: “போன ரிசல்ட் நார்மல். டெஸ்ட் இல்லாம நான் எதையும் மாத்த முடியாது.”

மனநல டாக்டர் மகிழ்நன்: “தனிமைதான் காரணம். கொஞ்சம் யோகா பண்ணுங்க.”

யோகாவாம்! இவரைக் கொண்டுவந்து இந்த டப்பாவுக்குள் சிரசாசனம் போட வைக்க வேண்டும்.

மார்ச் 15, காலை 9.40
உட்கார்ந்து யோசித்தேன். இதைப் படிக்கிறவருக்குப் புரியும்படி எழுதுகிறேன், அந்த மூவருக்குத்தான் புரியவில்லை. தைராய்டு குறைந்தால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் ரிசர்பினைக் கூட்டுகிறார்கள். ரிசர்பின் மூளையில் சேர்ந்திருக்கும் செரட்டோனினை, அதாவது மனசைத் தாங்கிப் பிடிக்கும் ரசாயனத்தை, காலி செய்துவிடும். தைராய்டு குறைவே செரட்டோனினை மந்தமாக்கும், அதோடு இதுவும். அப்புறம் மனசு எங்கே நிற்கும்?

பெட்டியின் அளவுப்படி என் ரத்தத்தில் செரட்டோனின் பாதாளத்தில் இருக்கிறது. அதையும் அனுப்பினேன்.

மகிழ்நன்: “ரத்தத்துல இருக்கறது பெரும்பாலும் குடல்ல சுரக்கறது மேடம். அதை வெச்சு மூளையைப் பத்திச் சொல்ல முடியாது.”

அவர் சொல்வது உண்மை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 17, பகல் 1.15
பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தேன். உடனே பெட்டி அலறியது: “சிகிச்சைக்கு ஒத்துழைக்க மறுப்பு. இறங்குதளக் கட்டுப்பாடு பூட்டப்படுகிறது.” மனநிலை சரியில்லாதவள் கையில் கப்பலைத் தரமாட்டார்களாம். பூட்டினால் பர்னபாஸை யார் இறக்குவது, இவர்கள் பாட்டனா? மறுபடி எடுத்து ஒட்டிக்கொண்டேன். பூட்டு திறந்தது.

ஒட்டினால் நான் காலி, எடுத்தால் அவர்கள் காலி. கத்திக் கத்தி இருக்கிற குரலும் போய்விட்டது.

மார்ச் 20, இரவு 8.30
காரணமில்லாமல் அழுகை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை என்று அழுதேன். வெட்கக்கேடு.

கப்பல் பக்கத்தில் வந்துவிட்டதால் இப்போது பர்னபாஸோடு நேராகப் பேச முடிகிறது. தூத்துக்குடிக்காரன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“யக்கா, அழாதிய. மூணு பேரையும் ஒரே லைன்ல பிடிச்சி நான் சண்ட போடுதேன். நீங்க சொல்லுதது எனக்கே வெளங்குது, அவ்வொளுக்கு வெளங்காதா? திங்க நம்மூரு மக்ரூன் கொண்டாறேன், தெம்பா இருங்க.”

கேட்க ஒரு ஆளாவது இருக்கிறான். அந்த மூவர் மேல் இருக்கும் ஆத்திரத்தில்தான் காலையில் எழுந்திருக்கிறேன். வேறு எதற்காகவும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மார்ச் 24
நேரம் பார்க்கவில்லை. குளிக்கவில்லை. டோஸ் மறுபடி கூட்டியிருக்கிறார்கள். கூட்டட்டும்.

இன்று பெட்டியின் அறிக்கை: “ஒத்துழைப்பு: சிறப்பு. கோபம்: இல்லை. நல்ல முன்னேற்றம்.”

மார்ச் 27, காலை
மகிழ்நன் அனுப்பியது: “மேடம், மன்னிச்சிடுங்க. பர்னபாஸ் சார் எங்களை விடவே இல்ல. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பார்த்தோம். நீங்க சொன்னதுதான் சரி. பிளாஸ்டரை எடுத்துடுங்க, கட்டுப்பாடு பூட்டாது. தைராய்டு டோஸையும் கூட்டறோம். தெளிய ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, அறிக்கையும் அதையே சொல்லுது. நாளைக்கு இறக்கறது உங்க பொறுப்பு.”

நான் சொன்னது சரியாம்.

பிளாஸ்டர் இன்னும் கையில்தான் இருக்கிறது. எடுக்க வேண்டும்.

மார்ச் 28
கப்பல் மூட்டத்துக்குள் வந்துவிட்டது. பர்னபாஸ் கூப்பிடுகிறான்.

“யக்கா, ஒண்ணுமே தெரியல. எந்தப் பக்கம்னு சொல்லுங்க.”

திரையில் தெரிகிறது. இடது பக்கம் மலை. வலது பக்கம் போகச் சொல்ல வேண்டும். மைக் மேஜை மேல் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்தால் எட்டிவிடும்.

“யக்கா! இருக்கியளா? யக்கா!”

எழுந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கலாம்.

திரையில் மலைப் பக்கம் ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது. சத்தம் நின்றுவிட்டது. இப்போது பரவாயில்லை. சத்தம்தான் தொந்தரவாக இருந்தது.