தொண்ணூற்றொன்று

அப்பா, என் பேராசிரியர் என் கணக்கைத் திருடிவிட்டார். மற்றபடி நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கட்டம் கட்டமாக நிற்கும் குட்டிக் காந்தங்கள் மேலும் கீழுமாக எத்தனை விதமாகத் திரும்பி நிற்கலாம் என்று எண்ணுவதுதான் என் வேலை. விடை ராட்சத எண். அதைப் பகா எண்களால் வகுத்து, மீதிகளை மட்டும் வைத்தே விடையைப் பிடிக்கும் வழியை நான்தான் கண்டுபிடித்தேன். போன வாரக் கருத்தரங்கில் அவர் அதைத் தன்னுடையதாகத் திரையில் காட்டினார். பகா எண்களின் வரிசையில் 91 இருந்தது! அது பகா எண்ணே அல்ல, ஏழு பெருக்கல் பதின்மூன்று. முதல் வரைவில் அவசரத்தில் நான் செய்த பிழை. அந்த வரைவை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. திருடியவர் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டையாவது ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாம்.

எழுந்து, 91 எப்படி வந்தது என்று கேட்டேன். "சின்ன டைப்பிங் மிஸ்டேக்மா, உட்காரு" என்று சிரித்தார். அதிலிருந்து பக்கத்து மேசைக்காரர்கள் என்னோடு சாப்பிட வருவதில்லை. அவர்களையும் நான் நம்பவில்லை.

பயப்படாதீர்கள். அம்மா குரலில் நாலு வார்த்தை பதிவு செய்து அனுப்புங்கள், திட்டாக இருந்தாலும் சரி. பேருந்து வந்துவிடும், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை அவர் அறைக் கதவைத் தட்டி, "கட்டுரையில என் பேரைப் போடுங்க சார்" என்றேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.