சீக்கிரம் வந்த உள்ளான்கள்

உன் பைனாகுலர் உறையைத் திறந்தால் இன்னும் நெய் வாசனை அடிக்கிறது. எத்தனை முறை சொன்னேன், போளிப் பொட்டலத்தை அதற்குள் வைக்காதே என்று! கேட்டால்தானே. உன் தம்பி அதை என்னிடம் கொடுத்துவிட்டார். துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், கண்ணாடி ஓரத்துப் பிசுக்கு போகமாட்டேன் என்கிறது.

நேற்று காலை அதை மாட்டிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்குப் போனேன். சேற்றில் உள்ளான் பறவைகள் வந்து இறங்கியிருந்தன. ஆடி பாதிதான் ஆகிறது, அதற்குள்! நெஞ்சின் செங்கல் நிறம்கூட இன்னும் வெளுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வழக்கம் இருக்கிறதே: முதல் உள்ளானைப் பார்த்த அன்று மாம்பலத்தில் தேங்காய்ப் போளி வாங்க வேண்டும், சீக்கிரம் வந்துவிட்டால் ஆளுக்கு இரண்டு. "சீக்கிரம் வந்தா அதிர்ஷ்டம்டி" என்று அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். "சரிடி, உன் சட்டம்" என்று நீயும் தின்பாய்.

போளியோடு வீட்டுக்கு வந்தவள், உள்ளான்கள் குஞ்சு பொரிக்கப் போகிற வடதுருவக் கடலோரத்தில் பறவைகளைக் கவனிக்கிற ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். இந்தக் கோடையில் அங்கே குளிர் விடவே இல்லையாம். பனி உருகித் தரை தெரிந்தால்தான் முட்டை வைக்க இடம், குஞ்சுக்குப் பூச்சி. தரை தெரியத் தாமதமானதால் பல பறவைகள் கூடே கட்டவில்லையாம். கட்டியவற்றின் முட்டைகளை நரி தின்றுவிட்டதாம். வளர்க்கக் குஞ்சு இல்லாத பறவைக்கு அங்கே என்ன வேலை? முன்னதாகவே கிளம்பிவிடுமாம். போளி எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது.

இது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சீக்கிரம் வந்த வருஷங்களில் புரட்டாசி முடிகிறவரை கூட்டத்தில் எதையோ தேடுவாய். கேட்டால், "இந்த வருஷம் பொரிச்ச சின்னதுங்க பின்னாடிதான் வரும், வந்திருக்கான்னு பாக்கறேன்" என்பாய். வந்ததா இல்லையா என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, யோசனை போன வருஷத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைச் சொன்ன நாளுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். கோபாலபுரத்துக்கு நான் போளியோடு ஓடி வந்தேன். "சீக்கிரம் வந்துட்டே பாத்தியா, ஆளுக்கு ரெண்டு!" என்றேன். நீ சிரித்தாய். கஞ்சியே இறங்காத நீ ஒரு முழுப் போளி தின்றாய். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார்கள் என்பது, நீ போன பிறகு உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா என்று அவரைக் கேட்டேன். "தெரியலைங்க, அக்கா எதையும் வெளிய சொல்ல மாட்டாங்க" என்கிறார். தெரிந்து தின்றாயா, தெரியாமல் தின்றாயா? கோபமாக வருகிறது, உன் மேலா என் மேலா என்றுதான் புரியவில்லை.

இன்று காலை மறுபடி போனேன். குப்பத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன், நம்மைப் பார்த்துப் பார்த்தே உள்ளான் பைத்தியம் பிடித்தவர், என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"இன்னாக்கா, இந்த வாட்டி சீக்கிரமே வந்துகீது பாத்தியா! நல்ல சேதிதானே? அந்த அக்கா இருந்தா எம்மாம் குஷியா இருந்திருக்கும்!"

பனி, நரி எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாண்ணா, நல்ல சேதிதான்" என்றேன். பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு ஒரு போளி கொடுத்தேன், நானும் ஒன்று தின்றேன். இறங்கத்தான் செய்தது.

உனக்கு அன்று தெரியுமா என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை. புரட்டாசிவரை தினமும் போய்ச் சின்னதுகளைத் தேடப்போகிறேன். போளியை இன்று உன் பைனாகுலர் உறைக்குள்தான் வைத்துக்கொண்டு போனேன்.