மூன்று அங்குலக் குழாயில் உன்னைக் கேட்டோம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முட்டி மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே உட்கார்ந்துகொண்டு நம்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பாதியில் சுருக்கமாச் சொல்லும்மா என்பாய். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை. மூன்று வாரமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன மாதம் நீ கூப்பிட்டு, பாட்டுக் குழுவை விட்டுவிட்டு அலுவலக வேலைக்கே முழுநேரமாகப் போய்விடலாமா என்று கேட்டாய் அல்லவா, பேஸ் கிட்டார் வாசிக்கிறவளை யார் கவனிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் விட்டுடு கண்ணு என்றேன். இந்த மாதக் கடைசிக்குள் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாயே, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டுமே என்பதுதான் என் கவலை.

நீ பேசி நாலைந்து நாள் கழித்து எங்கள் குழாய்க் கடைக்கு ஸ்பீக்கர் செய்கிற ஒருவர் வந்தார். கடையில் முழுக் குழாய் கேட்பார்கள், பாதி கேட்பார்கள், இந்த மனிதர் மூன்று அங்குலக் குழாயில் ஒரு சாண் துண்டு இரண்டு கேட்டார். ஒரு சாண் குழாயில் எந்த வீட்டுக்குத் தண்ணீர் போகப்போகிறது என்று கேட்டேன். தண்ணி இல்லக்கா, காத்து போறதுக்கு என்றார். ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்கம் ஓட்டை போட்டு இந்தத் துண்டைச் செருகினால், ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் வீணாகிற காற்று அதன் வழியாக வந்து அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்குமாம். என் மகளும் பேஸ்தான் வாசிக்கிறாள், அனுப்புகிற பாட்டையெல்லாம் போனில் கேட்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு, போன்ல பேஸ் வராதுக்கா, இத்தனை நாளா மத்தவங்க வாசிச்சதைத்தான் கேட்டிருக்கீங்க என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. ஏனென்றால் கண்ணு, உண்மையைச் சொல்கிறேன், ஆறு வருஷமாக நீ அனுப்புகிற ஒவ்வொரு பாட்டுக்கும் ரொம்ப நன்றாக வாசித்தாய் என்று நான் சொன்னதெல்லாம் சும்மா. எது நீ வாசிப்பது என்றே எனக்குத் தெரியாது. தூரத்தில் யாரோ மேசையைத் தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று, அதுதான் நீயாக இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பாக வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்றேன். நாற்பது லிட்டர் கொள்ள வேண்டும், எந்த மூலையிலும் காற்று கசியக் கூடாது என்று ஸ்பீக்கர்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கதவும் ஜன்னலும் செய்த மனுஷனுக்கு வேலை என்றதும் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. நாலு நாள் இழைத்து, ஒட்டி, மூலைக்கு மூலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் இப்போது முன்னால் ஒரு ஓட்டை போடுங்கள் என்றேன். காத்து போகாம ஒட்டுன்னு உயிரை வாங்கிட்டு இப்ப ஓட்டை போடுன்னா என்ன அர்த்தம் என்று குதித்தார். காற்று அந்த ஒரு வழியாக மட்டும், நாம் சொல்கிற வேகத்தில் போய்வர வேண்டும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரப் போகும் என்று ஸ்பீக்கர்காரர் எனக்குச் சொன்னதையே நான் கண்டுபிடித்த மாதிரி எடுத்துவிட்டேன்.

குழாய்க்கு அளவு சொன்னது நான். எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்றேன். ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஸ்பீக்கர்காரர் கணக்குப் போட்டுப் பதினேழரை சென்டிமீட்டர் நீளம் என்றார், வெட்டிச் செருகினோம். பெட்டி மூச்சே விடவில்லை, சளி பிடித்தவர் மாதிரி உள்ளுக்குள்ளேயே முனகியது. மூன்று பேரும் அரை நாள் ஒயரையும் திருகாணியையும் சந்தேகப்பட்டோம். தப்பு என்னுடையது. எங்கள் கடையில் குழாயின் அளவு என்றால் வெளிப்பக்க அளவு, காற்றுக்கு வேண்டியது உள்பக்க அளவு. பதினெட்டு வருஷம் அதே குழாயை விற்றவளுக்கு அதன் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியவில்லை, அப்பா இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டினார். மறுபடி அளந்து கணக்குப் போட்டால் மூன்று சென்டிமீட்டர் குறைக்க வேண்டும் என்று வந்தது. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது, பாத்துக்கக்கா என்றார் ஸ்பீக்கர்காரர். இரண்டு குழாயை இணைக்கிற கப்ளிங்கை என் கடையில் எதற்காக விற்கிறேன் என்று நினைத்தீர்கள் என்றேன், அதற்கப்புறம் அவர் புத்தி சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினோம். அவர் போனிலிருந்து பெட்டிக்கு ஒவ்வொரு தொனியாக அனுப்ப, அப்பா குழாய் வாயில் ஒரு காகித நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் தடித்த கம்பி செகண்டுக்கு நாற்பத்தொரு தடவை அதிருமாமே, அதற்குச் சற்றுக் கீழே வந்தபோது ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற காகிதக் கூம்பு அசையாமல் நின்றுவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று பதறினேன். ஆனால் அப்பா கையிலிருந்த நாடா படபடவென்று அடித்தது, அலமாரிக் கண்ணாடி உதறியது. இதுதான் நாம தேடின இடம், இப்ப வாசிக்கிறது குழாய்தான் என்றார் ஸ்பீக்கர்காரர். இன்னும் ஒரு குறை, சத்தம் கூட்டினால் குழாய் வாயில் புஸ் புஸ் என்று காற்று இரைந்தது. அதற்கு யாரையும் கேட்கவில்லை. குழாய் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் பிடித்து இளக்கி, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் அழுத்தினேன், வாய் பூ மாதிரி விரிந்துகொண்டது, இரைச்சல் அடங்கியது. வாயை விரிக்க வேண்டும் என்று படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்களாம். கிண்ணம்தான் கொஞ்சம் நசுங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்து, நீ கடைசியாக அனுப்பிய ஐந்து பாட்டையும் போட்டோம். மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லோரும் நிறுத்திவிடுகிற ஒரு இடம் வருமே, போனில் அது வெறும் வெற்றிடமாகத்தான் இருக்கும், பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அன்றைக்கும் பழக்கத்தில் கை போனது. அதற்குள் தரை வழியாக உள்ளங்காலில் ஏதோ வந்தது. நீ. யாருமே இல்லாமல் நீ மட்டும், நிதானமாக, ஒரு படி ஏறி இரண்டு படி இறங்கி, மற்றவர்கள் வந்து சேர்கிற வரைக்கும் அந்தப் பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அப்பா எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, இவ்வளவு நாளா இவ இங்கதான் இருந்தாளா என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் அதையே ஒன்பது தடவை கேட்டோம். பக்கத்து வீட்டு டீச்சர் கதவைத் தட்டினார், சண்டைக்குத்தான் வந்தார், பிறகு அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதனால் சொல்கிறேன். நீ அலுவலகத்துக்கே போனாலும் எங்களுக்குக் குறையில்லை, அது உன் வாழ்க்கை, உன் முடிவு. ஆனால் அம்மா சொன்னாள் என்று மட்டும் விட்டுவிடாதே. விட்டுவிடு என்று சொன்னபோது அம்மா உன்னைக் கேட்டதே இல்லை.

ராத்திரி ஒத்திகை முடிந்து தனியாக நடந்து வராதே, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள். ஆறு வருஷமாக அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து திரும்ப அனுப்பு, நான் உனக்குச் சொல்ல வேண்டிய பதில் நிறையப் பாக்கி இருக்கிறது. எடுத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

அன்பு மாறாத
அம்மா
(அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார், இரண்டாவது பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டு)