புனித நவோராவின் புதுமைகள்

2007 மார்ச் 4, ஞாயிறு

இது நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். கிளீட்டஸ் வளைகுடாவுக்குப் புறப்பட்ட அன்றைக்கே, பஸ் நிற்கும் இடத்தில் வைத்து, நாலு பேர் காது கேட்கச் சொன்னேன்: "மச்சான், கடல்ல கோடு தெரியாது. ஆனா தாண்டினா பிடிப்பான்." இப்போது பிடித்துவிட்டான். அவன் வேலை பார்த்த முதலாளியின் மீன்பிடி போட் பக்கத்து நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டதாம். எந்தச் சிறை, எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை. வந்த ஒரு போனும் பாதியில் அறுந்துபோனது.

அவன் பெண்டாட்டி என் தங்கச்சி. வேளாங்கண்ணி, எங்களுக்குக் கண்ணி. தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் போய் நின்று, "அன்னைக்கே சொன்னேன்லா?" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பேபி கேட்டாள்: "நீரு ஆறுதல் சொல்லப் போனீரா, ஏலம் கூறப் போனீரா?"

என் பெண்டாட்டி வாய்க்கு வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். ஆனால் அவள் கேட்டது ஒருவகையில் சரி. கடற்கரையில் மீன் ஏலம் கூறுவது என் தொழில். விலை ஏறாமல் மந்தமாக நின்றால், "அந்தா பின்னால ஒரு ஆளு கூட்டிக் கேக்காரு!" என்று கையை நீட்டிக் கத்துவேன். முன்னால் நிற்கிறவன் பதறிப்போய் ஏற்றிக் கேட்பான். பின்னால் ஆள் இருக்காது, கடல்தான் இருக்கும். இந்தக் கரையில் இதை என்னைப் போலச் செய்ய இன்னொருத்தன் பிறக்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

கோட்டாறு போனேன், செய்யது அலியின் பழைய பேப்பர் கடைக்கு. தூத்துக்குடி துறைமுகத்துக்கு அமெரிக்காவிலிருந்து கழிவுக் காகிதம் பொதி பொதியாக வருகிறது, மில்லுக்கு. அதில் சிந்துவதும் சிதறுவதும் அலியிடம் வந்து சேரும். அந்தக் குவியலுக்குள் படக்கதைப் புத்தகங்கள் கிடக்கும். அட்டை கிழிந்திருக்கும், சிலதில் பாதிப் பக்கம் இருக்காது.

வெள்ளைக்காரன் பறக்கிற புத்தகத்தை நான் தொடுவதில்லை. அது கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எனக்கு வேண்டியது கறுப்பு ஆட்கள் பறக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் கரிச்சட்டி. காலண்டரிலும் சினிமா போஸ்டரிலும் கோயில் பீடத்திலும் என் நிறத்தில் ஒருத்தனை நான் பார்த்ததில்லை. முதல் முதலாக இங்கேதான் பார்த்தேன். ஒரு கறுப்பன் பாலத்தை ஒற்றைத் தோளில் தூக்கி நிற்கிறான், கீழே வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். மறுநாள் நான் ஏலம் கூறிய சத்தம் மணவாளக்குறிச்சி வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

படிப்பு எட்டோடு நின்றது. இங்கிலீஷில் பெரிய எழுத்துத் தெரியும். கூட்டி வாசித்தால் மூச்சு முட்டும். அதனால் என்ன? படத்தைப் பார்த்தால் கதை தெரியாதா? பெயரும் நானே வைத்தேன். பாலம் தூக்குகிறவன் தோளப்பன். கண்ணாடி போட்டுக்கொண்டு இயந்திரம் செய்கிறவன் மேஸ்திரி. சடையை அவிழ்த்துக் கடல்மேல் வலையாக வீசுகிறவள் வலைக்காரி.

காசு கொடுத்து வாங்கினால் பேபி என்னையே எடைக்குப் போட்டுவிடுவாள். என் பங்குக்கு வரும் மீனில் நல்லது ஒன்றை வெள்ளிக்கிழமை அலியிடம் கொடுத்துவிட்டுக் குவியலுக்குள் இறங்குவேன்.

"ஓய் கபிரியேலு, என் கடையில எலித்தொல்லை ஒழிஞ்சாலும் உம்ம தொல்லை ஒழியாது" என்றார் அலி.

இன்றைக்கு அகப்பட்டது வலைக்காரிதான். கடைசிப் பக்கங்கள் இல்லை. ஆனால் நடுவில் ஒரு முழுப்பக்கப் படம் — புயல், கவிழப்போகிற படகு, சடை முழுவதும் விரித்து அவள் அதைத் தாங்கி நிற்கிறாள். தலைக்குப் பின்னால் வட்டமாக நிலா. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

கண்ணி வந்தாள். புத்தகங்களை மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். வலைக்காரியின் அந்தப் படம் மட்டும் தனியாகக் கழன்று வெளியே கிடந்தது. கையில் எடுத்தாள். அழுகை நின்றது.

"அண்ணா, இது எந்தப் புனிதை?"

நான் சொல்லியிருக்கலாம். இது படக்கதை மக்கா, இவள் வலைக்காரி, அமெரிக்காக்காரன் வரைஞ்சது என்று. எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். பத்து நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"புனித நவோரா. ஆப்பிரிக்கா. கடல்ல போறவங்களுக்கு."

நவோரா! எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? நான் கேட்டதே இல்லை.

"திருநாள் எப்ப?"

"ஜூன் ஒன்பது." அது சர்ட்டிபிகேட்டில் வாத்தியார் எனக்குப் போட்டுக்கொடுத்த பிறந்த நாள்.

"வாய்க்கிட்ட என்ன வெள்ளையா?"

அவள் பேசுவதை எழுதியிருக்கும் பலூன். "அச்சுப் பிழை" என்று சொல்லி, அதன்மேல் ஒரு காகிதப் பூவை ஒட்டிக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 14, புதன்

இது பொய் இல்லை. பொய் என்றால் அதில் எனக்கு லாபம் இருக்கணும்.

மார்ச் 27, செவ்வாய்

கண்ணி படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். செவ்வாய்தோறும் செபமாலை. தெருப் பெண்கள் வருகிறார்கள். முடிந்ததும் எல்லார் கண்ணும் என்மேல். புனித நவோரா செய்த புதுமை, அதாவது அற்புதம், ஒன்று சொல்ல வேண்டுமாம். என்னை விட்டால் யாருக்குத் தெரியும்?

தோளப்பன் கதையை எடுத்து நவோராவுக்குப் போட்டேன். இடிந்து விழுகிற பாலத்தைத் தாங்கி, ஒரு பஸ் நிறைய ஆட்களைக் காப்பாற்றினாள்.

"அந்தக் காலத்துல பஸ் உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாட்டுவண்டியத்தான் சொல்லுதேன்" என்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள்.

ஏப்ரல் 20, வெள்ளி

புதுமைகள் தீர்ந்துபோயின. மேஸ்திரியின் இயந்திரங்களைக்கூட அவள் கையில் கொடுத்துவிட்டேன். புதுப் புத்தகம் வேண்டும். இன்று பெரிய நெய்மீன் கொண்டுபோனேன்.

அலி மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன ஓய், இந்த அவசரம்? முன்ன மாசத்துக்கு ஒண்ணு கிடைச்சாலே துள்ளுவீரு."

சொன்னேன். எல்லாவற்றையும். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவ ஆளு வந்தா நல்லது. வரலைன்னா, அந்தப் பொண்ணு யாருகிட்ட ஓய் கோவப்படுவா? இல்லாத ஆளுகிட்டயா?"

ஒரு புத்தகமும் அகப்படவில்லை. மீனை அவரிடமே விட்டு வந்தேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் கூப்பிட்டார். "கபிரியேல், இந்த நவோரா யாரு? நான் கேள்விப்பட்டதே இல்லியே."

"அது ஆப்பிரிக்கா சைடு, ஃபாதர்."

அடுத்த கேள்வி வருவதற்குள் கும்பிடு போட்டுவிட்டு நழுவினேன்.

மே 4, வெள்ளி

அதே வலைக்காரி புத்தகம் இன்னொன்று கிடைத்தது. பொதியில் சில நேரம் ஒரே புத்தகம் இரண்டு மூன்று வரும். இதில் கடைசிப் பக்கங்களும் இருந்தன. கடையிலேயே நின்று புரட்டினேன்.

படத்துக்கு அடுத்த பக்கம் வலை அறுகிறது. படகு சாய்கிறது. பாதிப் பேர் தண்ணீரில். அவள் மூழ்குகிற ஆட்களைப் பார்க்கிறாள் — அதோடு புத்தகம் முடிகிறது. மீதி அடுத்த புத்தகத்தில்.

அலியின் மகள் சஜ்னா காலேஜில் படிக்கிறாள். கடைக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அந்த முழுப்பக்கப் படத்தைக் காட்டி, "இதுல இவ என்ன பறையுதா மக்களே?" என்று கேட்டேன். நான் காகிதப் பூ ஒட்டி மறைத்த அதே பலூன்.

வாசித்தாள். "'எல்லாரையும் என்னால தாங்க முடியாது'ன்னு சொல்லுதா, மாமா."

இரண்டு மாதமாக என் தங்கச்சி அந்த வாயின் முன்னால் முழங்கால் போட்டிருக்கிறாள். அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மே 5, சனி

சொல்லணும்.

மே 8, செவ்வாய்

சொல்லத்தான் போனேன். கண்ணி பாதியாக இளைத்திருந்தாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. மெழுகுவர்த்தியைப் பொருத்திவிட்டு, படத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அண்ணா, எனக்குக் கல்யாணம் பேசுன நேரம் எத்தனை பேரு வந்து கறுப்புன்னு சொல்லிட்டுப் போனாவ. ஓர்மை இருக்கா? அன்னைக்கு மாதாகிட்ட அழுதேன். மாதா ரோஸ் நெறத்துல இருந்தா. எனக்கு அவகிட்ட பேசவே நாணமா இருந்துச்சு. இவகிட்ட அப்படி இல்ல."

நான் என்னத்த சொல்லுவேன்? சொல்ல வந்தத விழுங்கிட்டேன். கரை முழுக்கக் கேக்குற வாயி. கர்த்தாவே.

அன்றைக்கும் ஒரு புதுமை சொன்னேன். இந்தமுறை புத்தகத்தில் இல்லாதது. முழுசும் என் சொந்தம்.

மே 30, புதன்

கிளீட்டஸை விட்டுவிட்டார்கள்! போட்டில் இருந்த எல்லாரையும். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவான். ஜூனுக்குள் வருவான் என்று நான் சொன்னேனா இல்லையா?

தெரு முழுக்க நவோரா பேச்சு. கண்ணி திருநாளுக்கு நேர்ச்சைக் கஞ்சி வைக்கிறாளாம். பேபி மட்டும் என்னைப் பார்த்து, "இனி நீரு எங்க போய் ஒளியப் போறீரு?" என்றாள். அவளுக்கு ஐஸ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஜூன் 9, சனி

புனித நவோரா திருநாள் அமர்க்களமாக நடந்தது. கஞ்சியும் பயறும் இருநூறு பேருக்கு. ஐந்நூறு என்றும் சொல்லலாம். கிளீட்டஸ் முந்தாநாள்தான் வந்தான். உடம்பு வற்றிப்போய், தாடியோடு. கஞ்சி ஊற்றத் தொடங்குகிற நேரம் படத்தின் முன்னால் போய் நின்றான். அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். என் உயிர் போய் வந்தது.

அவன் எல்லாரும் கேட்கச் சொன்னான்: சிறையில் அவன் பக்கத்தில் ஆப்பிரிக்காக்காரன் ஒருத்தன் இருந்தானாம். நல்ல கறுப்பு. தன் போர்வையில் பாதியைக் கிளீட்டஸுக்குக் கொடுத்தானாம். அவன் தினமும் கும்பிட்டது இந்த நவோராவைத்தானாம்! பெண்கள் குலவையிட்டார்கள். கண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 12, செவ்வாய்

செபமாலைக்குப் போகவில்லை. உடம்புக்குச் சரியில்லை.

ஜூன் 21, வியாழன்

கண்ணி மீன் வாங்க வந்தாள். அடுத்த ஏலக்காரனிடம் வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 29, வெள்ளி

கோட்டாறு போகவில்லை. ஐஸ் பெட்டியைத் திறக்கவே கை வரவில்லை. பேபி, "அத எடைக்குப் போட்டிரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறகு அவளே பாச்சை உருண்டை மாற்றி வைத்தாள்.

ஜூலை 8, ஞாயிறு

முழு வலைக்காரி புத்தகத்தை ஒரு பையில் போட்டுக் கண்ணி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கடைசிப் பக்கங்கள் உள்ளது. அவளைக் கூப்பிடவில்லை.

ஜூலை 20, வெள்ளி

கோட்டாறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணி ஏறி வந்தாள். என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும், திரும்பாமலே கேட்டாள்.

"வலை அறுந்த பொறவு என்ன ஆச்சு?"

"எனக்கு அறியாது மக்கா. அடுத்த புத்தகம் கிடைக்கல."

"உள்ளதா? பொய் இல்லியே?"

"உள்ளது."

அலியின் கடையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினாள். எனக்கு ஒரு கறுப்பு முகம் கண்ணில் படுவதற்குள் அவள் மூன்றை எடுத்துவிட்டாள். அடுத்த வலைக்காரி கிடைக்கவில்லை. கிடைத்ததைச் சஜ்னா வாசித்துச் சொல்ல, கண்ணி குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நான் வாய் திறந்தேன். "நீ சும்மா இரி" என்றாள் கண்ணி. அலி இப்போது சிரித்தார்.

திரும்பி வரும்போது அவள் வீட்டில் பால் இல்லாத கட்டன்சாயா கொடுத்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி. படம் அடுக்களையில், அரிசிப் பானைக்கு மேலே இருக்கிறது. மெழுகுவர்த்தி இல்லை. காகிதப் பூவைப் பிய்த்து எடுத்திருக்கிறாள், பலூன் தெரிகிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ புனிதை இல்ல, சரி. கூட்டுக்காரியா இருக்கட்டு. தாங்க முடியாதுன்னு அவளாவது வாயத் திறந்து சொன்னாள்லா. நான் அந்த மூணு மாசமும் யாருகிட்ட சொன்னேன்?"

இந்த டைரியில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஜூன் ஒன்பதாம் தேதி கிளீட்டஸ் படத்தின் முன்னால் நின்றது உண்மை. காகிதப் பூவை நகத்தால் தூக்கி வாசித்தான். "மச்சான், இது பிள்ளைங்க வாசிக்குற படப்புத்தகம்லா?" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணி கையில் அகப்பை இருந்தது. "அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றேன். யாரும் குலவையிடவில்லை. அவள் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள், என் தட்டைத் தாண்டிப் போனாள்.

போர்வையில் பாதி கொடுத்த ஆப்பிரிக்காக்காரன், நவோராவைக் கும்பிட்டவன் — கிளீட்டஸ் அப்படி ஒருத்தனைச் சொல்லவே இல்லை. அது ஏலத்தில்போல நான் கையை நீட்டிக் காட்டிய ஆள். பின்னால் கடல்தான் இருந்தது.